டேப்புக்குள் மறைத்தது கைக்குக் கிடைக்கிறதா?

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்கு இணையப் பக்கம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைகள், வாடகை, வரும் வழி, முன்பதிவு ரத்து என்று நான்கு டேப். ஒன்றைத் தட்டினால் அது திறக்க, மற்ற மூன்றும் மறைய வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இருபது முப்பது வரி வேலை. சேலத்தில் அலுவலக வைஃபையில், பெரிய திரையில், மவுஸால் தட்டிப் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறப்பவர் அடிவாரம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும் பேருந்தில் உட்கார்ந்திருக்கலாம்.

பலரும் நான்கு பகுதிகளையும், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸிலேயே மறைத்துவிட்டு, திறக்கும் வேலையை ஸ்கிரிப்டிடம் விடுகிறார்கள். ஸ்கிரிப்ட் கோப்பு பாதியில் நின்றுபோனால் டேப் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும். தட்டினால் ஒன்றும் நடக்காது. அதே கோப்பில் முன்னால் உள்ள ஏதோ ஒரு வரி பிழையாகி நின்றாலும் இதே கதிதான். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் நான்கு பகுதிகளும் தலைப்போடு ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்தே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிய பிறகு அதுவே டேப் வரிசையை உருவாக்கி, முதல் பகுதியைத் தவிர மற்றவற்றை மறைக்கட்டும். ஸ்கிரிப்ட் வராவிட்டால் பக்கம் நீளமாக இருக்கும், ஆனால் வாடகையைப் படிக்கலாம். எல்லாம் ஒரு கணம் தெரிந்துவிட்டு மறையும் துள்ளல் வருகிறதே என்றால், இந்தச் சின்ன ஸ்கிரிப்டைத் தனிக் கோப்பாக்காமல் அந்தப் பகுதி முடிந்த கையோடு பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மறைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஓபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) பூஜ்யமாக்கினாலோ உயரத்தைப் பூஜ்யமாக்கினாலோ கண்ணுக்குத்தான் மறையும். உள்ளே இருக்கும் லிங்க்குகளில் கீபோர்டு போய் நிற்கும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும். எச்டிஎம்எல்லில் ஹிடன் (hidden) பண்பு போட்டால் எல்லாருக்கும் மறையும். ஆனால் அதே பகுதிக்கு சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் என்றோ கிரிட் என்றோ எழுதியிருந்தால் ஹிடன் செல்லாது. ஹிடன் மறைப்பது பிரவுசரின் சொந்த விதியால். நீங்கள் எழுதிய விதி அதை மிஞ்சிவிடும். 'ஹிடன் போட்டும் மறையவில்லை' என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பாதி இதனால்தான். ஹிடன் உள்ள பகுதிக்கு டிஸ்ப்ளே நன், இம்பார்ட்டன்ட் என்று ஒரு விதி சேர்த்தால் சரியாகும்.

அந்த விதிக்கும் ஒரு விலக்கு வேண்டும். மறைந்த பகுதியில் உள்ள சொல், பக்கத்துக்குள் தேடினால் கிடைக்காது. 2022இல் வந்த குரோம் 102இலிருந்து ஹிடன் பண்புக்கு அன்டில்-ஃபவுண்ட் என்ற மதிப்பைக் கொடுக்கலாம். தேடிய சொல் அங்கே இருந்தால் பிரவுசரே பகுதியைத் திறக்கும். மேலே சொன்ன இம்பார்ட்டன்ட் விதி இதையும் சேர்த்து அடைத்துவிடும் என்பதால், அந்த மதிப்பு உள்ளவற்றை விதியிலிருந்து விலக்கிவையுங்கள். பகுதி திறக்கும் முன் பிஃபோர்மேட்ச் என்ற நிகழ்வு வரும். அதைக் கேட்டு டேப்பையும் மாற்றாவிட்டால் இரண்டு பகுதிகள் ஒன்றாகத் திறந்து கிடக்கும்.

டேப்புக்கு டிவ் (வெறும் பெட்டி) வேண்டாம், பட்டன் போடுங்கள். டிவ்வைக் கீபோர்டு தானாகத் தொடாது. வரிசைக்கு டேப்லிஸ்ட், பட்டனுக்கு டேப், பகுதிக்கு டேப்பேனல் என்று ரோல் (இது என்னவென்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் பண்பு) கொடுத்து, திறந்திருக்கும் பட்டனில் ஏரியா-செலக்டட் ட்ரூ என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்வையற்றவரின் காதில் 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் விழும். எது திறந்திருக்கிறது என்று தெரியாது. கீபோர்டின் டேப் விசை திறந்த பட்டனில் மட்டும் நிற்க, அதற்கு டேப்இண்டெக்ஸ் 0, மற்றவற்றுக்கு -1. அவற்றுக்குள் நகர்வது அம்புக்குறி விசைகளால். ரோல் மட்டும் கொடுத்துவிட்டு அம்புக்குறி விசைக்கு வேலை எழுதாமல் விடுவது வெறும் டிவ்வை விட மோசம், ஏனென்றால் திரைவாசிப்பான் 'டேப்' என்று சொன்னதை நம்பித்தான் அவர் அந்த விசையை அழுத்துகிறார். திரைவாசிப்பான்களில் விண்டோஸுக்கான என்விடிஏ இலவசம், டாக்பேக் பல ஆண்ட்ராய்டு போன்களில் கூடவே வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை உங்கள் பக்கத்தில் வாடகையைத் தேடிப் பாருங்கள்.

படிவம் சேர்ந்தால் சிக்கல் கூடும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கு ஆர்டர் பக்கம் என்றால் மாடல், அளவு, முகவரி என்று மூன்று டேப்பும் ஒரே படிவத்துக்குள் வரும். படிவத்துக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் குறிப்பிடாவிட்டால் அது அனுப்பும் பட்டன்தான். 'அளவு' டேப்பைத் தட்டியதும் பாதி நிரப்பிய படிவம் கிளம்பிப் போகும். டைப் பட்டன் என்று எழுதினால் நிற்கும். இன்னொன்று இதைவிடக் கொடுமை: கட்டாயம் நிரப்ப வேண்டிய அளவுக் கட்டம் மறைந்த டேப்பில் காலியாக இருந்தால், பிரவுசர் படிவத்தை அனுப்பாது; மறைந்த கட்டத்தில் போய் நிற்கவும் முடியாததால் திரையில் எந்தச் செய்தியும் வராது. வாடிக்கையாளர் நாலு முறை அழுத்திவிட்டுப் போய்விடுவார், பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் மட்டும் ஒரு வரி கிடக்கும். அனுப்பும் முன் காலிக் கட்டம் எந்த டேப்பில் என்று பார்த்து அதைத் திறக்க ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.

'வரும் வழி' டேப்பில் வரைபடம் வைத்தால் சாம்பல் கட்டமாகவோ மூலையில் ஒரு துண்டாகவோ தெரியும். மறைந்திருந்தபோது அதன் அகலம் பூஜ்யம். டேப் திறந்த பிறகு வரைபடத்தை உருவாக்குங்கள். லீஃப்லெட் என்ற வரைபட நூலகம் என்றால் திறந்ததும் இன்வேலிடேட்சைஸ் கூப்பிட்டாலும் போதும். வீடியோ இருந்தால் டேப் மாறும்போது நிறுத்துங்கள், மறைத்தாலும் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் 'வாடகை இதோ' என்று அனுப்பும் லிங்க் வாடகையில்தான் திறக்க வேண்டும். அதற்கு முகவரியின் கடைசியில் # குறி போட்டு அந்தப் பகுதியின் ஐடி சேர வேண்டும், பக்கம் ஏறும்போது அதைப் படிக்கவும் வேண்டும். டேப் மாறும்போது முகவரியை பிரவுசர் ஹிஸ்டரியின் ரீப்ளேஸ்ஸ்டேட் வழியாக மாற்றுங்கள். நேராக லொகேஷன் ஹாஷை மாற்றினால் பக்கம் துள்ளும், நாலு டேப் பார்த்தவர் வெளியே வர நாலு முறை பின்னால் அழுத்த வேண்டியிருக்கும். ஐடியைத் தமிழில் வைக்காதீர்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். நகலெடுக்கும்போது சதவீதக் குறிகளாக மாறி ஒன்றுக்கு ஒன்பது எழுத்து ஆகும். 'வாடகை' என்ற ஒரு சொல்லில் துணைக்குறிகளோடு ஐந்து குறி, அது 45 எழுத்தாக நீளும்.

டேப்பின் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கட்டும், சுருக்கமாக. 360 பிக்சல் அகலப் போனில் 'முன்பதிவு ரத்து' மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் அடங்காது. பக்கவாட்டில் நகர்த்தும்படி விட்டால் நான்காவது டேப் இருப்பதே தெரியாது. 'ரத்து' போதும், இல்லையென்றால் இரண்டு வரிசையாக மடங்கட்டும். உயரம் 44 பிக்சல் வையுங்கள்; 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டி கேட்பது குறைந்தது 24தான், ஆனால் ஓடும் பேருந்தில் விரல் அவ்வளவு துல்லியமாக விழாது. அச்சிடும் சிஎஸ்எஸ்ஸில் எல்லாப் பகுதிகளையும் திறந்துவிடுங்கள்.

சிலவற்றை டேப்புக்குள் போடவே கூடாது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டால், அந்தச் செய்தி 'வரும் வழி'க்குள் மறைந்திருந்து பயனில்லை. டேப் வரிசைக்கு மேலே, தேதியோடு, ஒரே வரியாகப் போடுங்கள். பாதை திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.