சொம்புத் தண்ணீரும் கிடை ஆடும்

பயிர் ஆலோசனை சொல்லப் போன புதிதில், ராமநாதபுரம் கடலோரத்தில் சாயல்குடிப் பக்கம் ஒரு முண்டு மிளகாய்ப் புஞ்சை. இலை வெளுத்து, ஓரம் கருகியிருந்தது. தழைச்சத்துக் குறை என்று யூரியா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் செடி இன்னும் சுருண்டது. புஞ்சைக்காரர் கோபப்படவில்லை. போர்த் தண்ணீரைச் சொம்பில் மொண்டு நீட்டி, "கொஞ்சம் வாயில ஊத்திப் பாருங்க சார்" என்றார். கரித்தது. உப்பில் தவித்த வேருக்கு நான் இன்னொரு உப்பைப் போட்டிருக்கிறேன்.

கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் ஓரடி இறங்கினால் அடியிலிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி மேலேறும் என்பது கணக்கு. பக்கத்துப் போர் இறைத்தாலும் இவர் செடி கருகும்.

வயலைப் பயிரோடு நிறுத்தாமல் தண்ணீர், மண், ஆடு, மனிதர் எல்லாம் பிணைந்த சூழல் மண்டலமாகப் படிப்பதுதான் வேளாண் சூழலியல். ரஷ்ய வேளாண் அறிஞர் பேசில் பென்சின் 1928இலேயே இந்தப் பெயரைப் பயன்படுத்திவிட்டார். 1980களில் மிகேல் அல்டியேரி, ஸ்டீபன் கிளிஸ்மன் போன்ற ஆய்வாளர்கள் இதைத் தனித் துறையாக வளர்த்தார்கள். கிளிஸ்மன் மெக்ஸிகோவின் தபாஸ்கோ விவசாயிகளிடம் பாடம் கேட்டவர். நமக்கு ஆட்டு மந்தையை ஓட்டிப்போய் வயல்களில் கிடை போடும் கீதாரிகள் இருக்கிறார்கள்.

கிடையைக் கவனியுங்கள். பகலெல்லாம் தரிசிலும் கண்மாய்க் கரையிலும் மேய்ந்த ஆடு, ராத்திரி ஒரே புஞ்சையில் புழுக்கையும் மூத்திரமும் விடுகிறது. ஊரெல்லாம் சிதறிக் கிடந்த சத்து ஓரிடத்தில் சேர்கிறது. 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பதும் வெறும் பேச்சில்லை. ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து கூடுதல், மண்ணில் சீக்கிரம் மட்கும்.

ஆனால் ஆடு சீமைக்கருவேல நெற்றையும் தின்கிறது. விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும். சத்து வந்த வழியிலேயே களையும் வருகிறது. கிடையைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை, நானும் ரொம்ப நாள் சொல்லவில்லை.

அந்தப் புஞ்சைக்காரர் இப்போது போரைத் தொடுவதில்லை. ஐப்பசி மழையும் பண்ணைக்குட்டையும்தான். கோடையில் கிடை போடுகிறார். போன கார்த்திகையில் போனபோது மிளகாய் வரிசைக்குள் விரல் உயரத்துக்குக் கருவேலங்கன்றுகள் நின்றன.

"இதுக்கு என்ன மருந்து எழுதப் போறீங்க?" என்று சிரித்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் பிடுங்க ஆரம்பித்தோம்.