டொமினியன் எப்படி 'மேலாட்சி' ஆனது?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் போதும், '1947-ஆம் ஆண்டு இந்திய சுதந்திரச் சட்டத்தின்படி இந்தியா மேலாட்சி நாடானது' என்ற வரி எங்கிருந்தாவது வந்து விழுகிறது. இந்த முறை அண்ணன் மகனின் தேர்வுக் குறிப்பில். "சித்தப்பா, சுதந்திரம் கிடைச்ச பிறகும் மேலே ஒருத்தர் உட்கார்ந்து ஆண்டாரா?" என்று கேட்டான். பையன்மேல் தப்பில்லை. அந்தச் சொல் அப்படித்தான் சொல்கிறது.

மூலச்சொல் டொமினியன்: பிரிட்டிஷ் மன்னரைப் பெயரளவில் தலைவராக ஏற்று, தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் நாடு. லத்தீனில் 'டொமினஸ்' என்றால் எசமான்; அதன் வழியில் உடைமை, ஆளுகை என்று பொருள் விரிந்தது. 1867-இல் கனடா இதைத் தனக்குப் பட்டமாக வைத்துக்கொண்டது. 'ஒரு சமுத்திரந்தொடங்கி மறுசமுத்திரம்வரைக்கும்' என்று வரும் 72-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்ததாகச் சொல்வார்கள். சரி, வேர் இவ்வளவு போதும்.

வேரோடு நின்றுவிட்டதுதான் கோளாறே. எசமான் என்றால் மேலே இருப்பவர், ஆகவே மேலாட்சி என்று யாரோ போட்டுவிட்டார்கள். எண்ணெய் என்பது எள்ளின் நெய்தான். அதற்காகத் தேங்காய் எண்ணெயில் எள்ளைத் தேடுவோமா? டொமினியனும் 1947-க்குள் வேரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. பிரிட்டனும் டொமினியன்களும் ஒன்றுக்கொன்று சமம், எதுவும் எதற்கும் கீழ்ப்பட்டதல்ல என்று 1926-இலேயே பிரிட்டிஷ் பேரரசு மாநாட்டின் பால்ஃபர் அறிக்கை சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1931-இல் இயற்றிய வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. 1947 சட்டத்தின் 6-ஆம் பிரிவோ, ஆகஸ்ட் 15 முதல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும், இங்குள்ள சட்டமன்றம் ஏற்றாலொழிய இங்கே செல்லாது என்கிறது. இதில் 'மேல்' எங்கே இருக்கிறது?

வேடிக்கை அடுத்த பிரிவில். சமஸ்தானங்கள்மீது பிரிட்டிஷ் மன்னருக்கு இருந்த அதிகாரம் அன்றோடு ஒழிந்தது என்கிறது 7-ஆம் பிரிவு. ஹைதராபாத் நிசாமுக்கும் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் மேலே நின்ற அந்த அதிகாரத்துக்குத்தான் மேலாட்சி என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். அதைக் கொண்டுபோய் டொமினியனுக்குக் கொடுத்துவிட்டால், மேலாட்சி முடிந்த நாளிலேயே மேலாட்சி தொடங்கியது என்று எழுத வேண்டிவரும். சட்டம் சொல்வது 'இரண்டு சுதந்திர டொமினியன்கள்'. அதைச் 'சுதந்திர மேலாட்சிகள்' என்று எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் எழுதியவருக்கே சிரிப்பு வந்திருக்கும். நம் மொழிபெயர்ப்பாளர்களில் பலர் வாய்விட்டுப் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் புகார்.

பிரிட்டிஷ் மன்னர் இருந்தாரே என்பார்கள். இருந்தார், பெயரளவில். 1948 ஜூனில் ராஜாஜி கவர்னர் ஜெனரலானது மன்னர் பெயரில்தான். ஆனால் அவரைத் தேர்ந்தது டெல்லி அமைச்சரவை.

'குடியேற்ற நாட்டு அந்தஸ்து' என்று இன்னொரு பழைய ஆக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குச் சரி. இந்தியாவில் யார் வந்து குடியேறி நாடு அமைத்தார்கள்?

என்னைக் கேட்டால் 'தன்னரசு' போதும். மதுரைப் பக்கம் தன்னரசு நாடு என்ற வழக்கே இருக்கிறது; புதிதாக ஒன்றும் செதுக்க வேண்டாம். மன்னரையும் சொல்லியாக வேண்டிய இடத்தில் 'மன்னரை ஏற்ற தன்னரசு' என்று நீட்டிக்கொள்ளலாம். அதுவும் பிடிக்காவிட்டால் டொமினியன் என்றே இருக்கட்டும். தனித்தமிழ்மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொல்லும் தமிழ்ச்சொல்லைவிட உண்மை சொல்லும் கடன்சொல் மேல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே 1947-இல் வந்த பர்மா சுதந்திரச் சட்டத்தின் முகப்பில், மன்னரின் 'டொமினியன்களுக்குள்' அடங்காத நாடு என்று வருகிறது. அங்கே அது பட்டமல்ல, மன்னரின் ஆட்சிப்பரப்பு என்ற பழைய பொருள். ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே சொல்லை எழுதி அகராதியை மூடிவைப்பவர்கள் இங்கேயும் வழுக்குவார்கள்.

இதையெல்லாம் பையனுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அப்புறம், விடைக்குறிப்பில் மேலாட்சி என்றுதான் இருக்கிறது, வேறு எழுதினால் மார்க் போய்விடும் என்றான். சரி, அப்படியே எழுதிவிட்டு வா என்றேன்.