மண் தின்னும் ஆசையும் ஹோமியோபதி கேள்விகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வார்விக் சந்திப்புச் சந்தையில் களிமண்ணை உருண்டை பிடித்து விற்பார்கள், வெள்ளையும் சிவப்புமாக. சடங்குக்கும் முகத்தில் பூசவும் வாங்குகிறவர்கள் உண்டு. கர்ப்பிணிகள் தின்னவும் வாங்குவார்கள். என் அக்கா ஐந்தாம் மாதத்தில் அப்படி ஓர் உருண்டையைச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் ஒளித்து வைத்திருந்தாள். பஸ்ஸில் யாரும் பார்க்காதபோது நகத்தால் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். “புதுமழை வாசனைடா, விடவே முடியல” என்றாள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்றின் 20ஆம் பாட்டு சேர மன்னனைப் புகழும்போது, உன் மண்ணை உண்பவர்கள் வயாவுற்ற பெண்கள்தான், பகைவர்கள் அல்ல என்கிறது. வயா என்பது மசக்கை ஆசை.

அக்கா வழக்கமாகப் போவது ஒரு ஹோமியோபதி டாக்டரிடம். தென்னாப்பிரிக்காவில் அது பல்கலைக்கழகப் படிப்பு, டர்பனிலேயே படிக்கலாம். மண்ணாசையைக் கேட்டு அவர் கடிந்துகொள்ளவில்லை. முட்டை பிடிக்குமா, பால் ஒத்துக்கொள்கிறதா, தூங்கும்போது தலை வேர்த்துத் தலையணை நனைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அவர் மனதில் இருந்த மருந்து கல்கேரியா கார்ப். சிப்பி ஓட்டிலிருந்து எடுப்பது. சதைப்பிடிப்பான உடல், சீக்கிரம் களைப்பு, குளிர் தாங்காமை, முட்டை மேல் ஆசை, சுண்ணாம்பு, பலப்பம், மண் என்று தின்னக்கூடாததைத் தேடும் நாக்கு: இதுதான் அந்த மருந்துக்குரிய ‘உடல்வாகு’. நேட்ரம் மூர் என்ற இன்னொரு மருந்துக்குரிய ஆட்கள் துக்கத்தை உள்ளே பூட்டி வைப்பவர்கள், உப்பைத் தேடுவார்கள். பல்சட்டில்லா என்ற மருந்துக்குரியவர்களுக்குக் கொழுப்பு ஆகாது, தாகமும் எடுக்காது.

சாப்பாட்டு ஆசைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அமெரிக்க ஹோமியோபதி மருத்துவர் கென்ட் நோய்க்குறிகளைத் தரம் பிரித்தார். ‘முட்டி வலிக்கிறது’ என்றால் அது முட்டியின் குறி. ‘எனக்கு உப்பு வேண்டும்’ என்றால் அது முழு ஆளின் குறி. அதனால் அது பொதுக்குறியாகி, முட்டி வலிக்கு மேலே ஏறிவிடுகிறது. எந்தக் குறிக்கு எந்த மருந்து என்ற பட்டியல், ஆரோக்கியமானவர்களுக்கு மருந்தைக் கொடுத்து அவர்கள் உணர்ந்ததை எழுதி வைத்ததிலிருந்தும், டாக்டர்களின் அனுபவத்திலிருந்தும் சேர்ந்தது.

இந்தக் கேள்விகளை நான் மனதார மதிக்கிறேன். வேறு எந்த டாக்டரும் அக்காவிடம் இதைக் கேட்கவில்லை. ஆனால் பதிலை உடலியலிலும் தேட வேண்டும். மண், பச்சரிசி, ஐஸ் கட்டி மேல் அடக்கமுடியாத ஆசை வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு குறைந்தால் ஏன் இந்த ஆசை வருகிறது என்பதற்கு முழு விளக்கம் இன்னும் இல்லை, இரும்பு ஏறினால் ஆசை அடங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறார்கள். சில களிமண் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. புழு முட்டையும் ஈயமும் உள்ளே போகும் ஆபத்து வேறு. நல்லவேளை, அந்த டாக்டரே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை, அக்காவுக்கு 9தான் இருந்தது. கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வாரம் கழித்துப் பையைத் திறந்தால் பாதி உருண்டை அப்படியே காய்ந்து கிடந்தது.

உப்பாசைக்கும் இதேபோல ஒரு காரணம் உண்டு. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதுதான் சிறுநீரில் உப்பு வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது. சுரப்பி பழுதானால் உப்பு ஒழுகிக்கொண்டே போகும், நாக்கு உப்பைக் கேட்டு அலையும். 1940இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு இது: மூன்றரை வயதுப் பையன். பிஸ்கட்டில் ஒட்டிய உப்பை நக்கித் தின்பான். அவன் முதலில் கற்ற சொற்களில் ஒன்றே உப்பு. மருத்துவமனையில் சேர்த்து எல்லாருக்கும் தரும் சாப்பாட்டைக் கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் இறந்துபோனான். அட்ரீனல் பழுது அப்புறம்தான் தெரிந்தது.

நேட்ரம் மூர் என்பதும் சாதாரண உப்புதான். ஒரு பங்குக்கு 99 பங்கு நீர்மம் என்று 30 தடவை கரைத்தால் 30சி வீரியம். 12ஆம் தடவையைத் தாண்டும்போதே உப்பின் துகள் ஒன்றுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது அடுப்படியில் இருக்கும் உப்பு, ஸ்பூன் ஸ்பூனாக.