வெள்ளைத் தட்டில் தயிர்சாதம்: வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தட்டு வைப்பது எப்படி?

மருத்துவமனையில் உணவியல் வேலை பார்ப்பவர்களுக்கு, வார்டுக்குப் போகிற தட்டைவிட அங்கிருந்து திரும்பி வருகிற தட்டு நிறையச் சொல்லும். எது மிச்சம், எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதோடு, தட்டில் எந்த இடத்தில் மிச்சம் என்றும் பார்ப்பேன். மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்த சிலருடைய தட்டில் நடுவே கோடு கிழித்த மாதிரி வலது பாதி காலியாக இருக்கும். இடது பாதி வைத்தது வைத்தபடி கிடக்கும். அவர்களுக்குக் கண்ணில் கோளாறு இருக்காது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்காமல் விட்டுவிடுகிறது.

"கூட்டுன்னா அவருக்கு உசிரு மேடம். இப்ப தொடவே மாட்டேங்கறார்" என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். தட்டை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தேன். கூட்டு வலப்பக்கம் வந்தது. ஐயா எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா அதுவரை அவருக்கு வாய் கசக்கிறது என்று நினைத்து, வீட்டிலிருந்து விதவிதமாகச் சமைத்துக் கொண்டுவந்தபடி இருந்தார்.

தட்டை அழகாக அடுக்குவது பெரிய ஹோட்டல்களின் வேலை, நமக்கு எதற்கு என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். நிற வேறுபாடு, பின்னணி, வெற்றிடம், கண் முதலில் போய் நிற்கும் இடம் என்று ஓவியரும் டிசைனரும் பார்க்கிற விஷயங்கள், வீட்டில் படுத்திருக்கும் பெரியவர் எத்தனை வாய் சாப்பிடுகிறார் என்பதையே மாற்றும். இதை எல்லா வீடுகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தட்டின் தோற்றம் ருசியைத் தொடுகிறது என்பதற்கு ஆய்வு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸும் சமையல் கலைஞர் சார்லஸ் மிஷெலும் சேர்ந்து 2014-இல் ஒன்றை வெளியிட்டார்கள். ஒரே சாலட், அதே பொருட்கள், அதே அளவு. ஒரு தட்டில் எல்லாவற்றையும் கலந்து வைத்தார்கள். இன்னொன்றில் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிரித்து வைத்தார்கள். மூன்றாவதில் ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் ஓர் ஓவியம் போல அடுக்கினார்கள். 60 பேர் சாப்பிட்டார்கள். ஓவியம் போன்ற தட்டுக்கு அதிக விலை தரலாம் என்றார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு ருசியும் அதற்குத்தான் அதிகம் என்று மதிப்பெண் போட்டார்கள்.

எனக்கு அந்த ஆய்வு பிடிக்கும். ஆனால் அது ஆரோக்கியமானவர்களிடம் நடந்தது. எங்கள் வார்டில் இருப்பவர்களுக்கு அதற்கு முந்தைய படியே பிரச்சினை. தட்டில் சாப்பாடு இருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். நீலமும் ஊதாவும் மங்கும். ஒன்றுக்கொன்று நெருக்கமான சாயல்களைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறையும். கண்புரை இருந்தால் இன்னும் மோசம். அல்சைமர் போன்ற மறதி நோயில், கண் சரியாக இருந்தாலும் மூளையில் அந்தத் திறன் குறைந்துபோகும். இப்போது நாம் நோயாளிக்குக் கொடுக்கிற சாப்பாட்டை யோசித்துப் பாருங்கள். இட்லி, இடியாப்பம், தயிர்சாதம், ரவைக் கஞ்சி, பால் விட்டுப் பிசைந்த பிரெட். பத்தியச் சாப்பாட்டில் முக்கால்வாசி வெள்ளை. அதை வைக்கிற மெலமைன் தட்டும் வெள்ளை. சிமெண்ட் தரையில் கோலம் போடுகிறவர்கள் காவி பூசி அதன்மேல் மாவை இழைப்பார்கள். வெள்ளை எடுப்பாகத் தெரிய அடியில் அடர்நிறம் வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

2004-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முற்றிய நிலை அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டு, கோப்பைகளுக்குப் பதிலாக அடர்சிவப்பில் கொடுத்தார்கள். சமையலில் மாற்றம் எதுவும் செய்யவில்லை. உண்ட அளவு சராசரியாக 25 சதவீதமும், குடித்த அளவு 84 சதவீதமும் கூடியது. ஒன்பது பேரிடம் நடந்த சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லோருக்கும் இதே பலன் என்று சொல்ல முடியாது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பிறகு அடர்நீலத்தில் கொடுத்தபோதும் பலன் இருந்தது; வெளிர்சிவப்பிலும் வெளிர்நீலத்திலும் இல்லை. ஆக, சிவப்பில் மாயம் எதுவும் இல்லை. உணவுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடுதான் வேலை செய்கிறது.

அதனால் கடைக்குப் போய்ச் சிவப்புத் தட்டு வாங்கி, அதில் தக்காளி சாதமும் பீட்ரூட் பொரியலும் வைத்தால் மறுபடி பழைய கதைதான். நான் சிபாரிசு செய்வது பார்டரோ படமோ இல்லாத அடர்நீலத் தட்டு. நம் சமையலில் நீல நிறத்தில் எதுவும் கிடையாது. இட்லியும் சரி, எலுமிச்சை சாதமும் சரி, கேரட்டும் சரி, அதில் பளிச்சென்று தெரியும். கீரை மசியல் போன்ற அடர்ந்த நிறத்துக்கு மட்டும் ஒரு வெள்ளைக் கிண்ணம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் விளிம்பு சற்று உயர்ந்திருந்தால், கை நடுங்குகிறவர்கள் உணவைச் சுவரில் அணைத்து எடுக்க வசதி.

எவர்சில்வர் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுவ எளிது, உடையாது, எல்லாம் உண்மை. ஆனால் டியூப்லைட்டுக்கு நேர்கீழே வைத்தால் தட்டில் வெளிச்சம் பளபளக்கும். பார்வை மங்கியவருக்கு எது பளபளப்பு, எது சாதம் என்று பிரியாது. எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே பலருக்குத் தெரிவதில்லை. 'தண்ணி வெச்சேன், குடிக்கவே இல்ல' என்று வீட்டுக்காரர்கள் அலுத்துக்கொள்வதில் பாதி இதனால்தான் என்பது என் அனுபவம். அடர்நிறத் தம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

பூப்போட்ட தட்டு வேண்டவே வேண்டாம். மறதி நோய் உள்ளவர்கள் தட்டில் அச்சடித்த ரோஜாவை விரலால் கிள்ளி எடுக்க முயல்வதை நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் சூடாக உப்புமா ஆறிக்கொண்டிருக்கும்; விரல் பூவையே சுரண்டிக்கொண்டிருக்கும். மேசை விரிப்புக்கும் இதே விதிதான். தட்டுக்கு அடியில் ஒரே நிறத்தில் ஒரு துணி விரித்துவிடுங்கள், தட்டு எங்கே முடிகிறது என்பது தெரியட்டும்.

வாழையிலை இந்த விஷயத்தில் அருமையானது. பச்சையின் மேல் வெள்ளைச் சோறு எடுப்பாக இருக்கும், கண்ணைக் கூசாது. நுனி இடப்பக்கம் வர இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் இடது ஓரத்தில், காய்கள் மேல்பாதியில், சோறு கீழ்ப்பாதியில் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் நிலையாக இருப்பதால், பார்வை மங்கிய பெரியவர்கூடக் கைப்பழக்கத்தில் சாப்பிட்டுவிடுவார். முன்னால் சொன்ன இடப்பக்கம் கவனிக்காத பக்கவாத நோயாளிக்கு மட்டும் இந்த ஒழுங்கு உதவாது. அவருக்குச் சாப்பாட்டின் நடுவில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டி, "அந்தச் சிவப்புக் கோடு தெரியுற வரைக்கும் பாருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழக்குவதும் உண்டு. எது எப்போது என்பதை அவருக்குப் பயிற்சி தருகிற தெரபிஸ்ட்டிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, அளவு. பசியே இல்லாதவர் முன்னால் குவித்து வைத்த சோறு அவரை முதல் வாய்க்கு முன்பே மலைக்க வைத்துவிடும். பாசத்தில்தான் குவிக்கிறோம், ஆனால் தட்டில் வெற்றிடம் விடுங்கள். ஒரு கரண்டி சாதம், பக்கத்தில் ஒரே ஒரு காய். முடித்த பிறகு இன்னொரு கரண்டி. மறதி நோய் உள்ளவர்களுக்கு ஆறு கிண்ணம் பரப்பினால் எதில் கை வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

என்னை அதிகம் வருத்துவது அரைத்த உணவு. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு உணவின் பதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலக அளவில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் வகுத்திருக்கிறார்கள். கட்டியில்லாமல் அரைத்த மசியல் நான்காம் நிலை. 'மசியல் கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பினால், பல வீடுகளில் சாதம், சாம்பார், பொரியல், கீரை எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். வருவது சேற்று நிறத்தில் ஒரு கூழ். மூன்று வேளையும் அதே நிறம், அதே மணம். "என்னம்மா இது, மாட்டுக்கா வெக்கிறே?" என்று ஒரு பாட்டி மருமகளிடம் கேட்டார். மருமகள் பாவம், விடியற்காலையில் எழுந்து நான்கு வகை சமைத்து அரைத்தவர்.

சாதத்தையும் பருப்பையும் சேர்த்து அரையுங்கள். பரங்கிக்காயைத் தனியாக, கீரையைத் தனியாக. மிக்ஸி ஜாரை இரண்டு முறை கூடுதலாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். பரங்கியின் ஆரஞ்சும் கீரையின் பச்சையும் ஒன்றோடொன்று கலக்காமல், இடைவெளி விட்டு நீலத் தட்டில் வையுங்கள். நான்காம் நிலைப் பதம் கரண்டியில் எடுத்தால் வடியாமல் நிற்கும். ஆகவே குழிக்கரண்டியால் அள்ளி இட்லி போலக் கவிழ்க்கலாம். கரண்டியின் பின்புறத்தால் மேலே ஒரு குழி செய்து, மசியலோடு நன்றாகக் கலந்துவிடும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் நெய் விடலாம். அடுத்த வாய் என்ன என்று நோயாளிக்குத் தெரியும். பரங்கி வேண்டாம், கீரை போதும் என்று அவரே சொல்லலாம். சாப்பாட்டில் எதையாவது தேர்ந்தெடுக்கிற உரிமை அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. மேலே சொன்ன பாட்டிக்கு அப்படித்தான் வைக்கச் சொன்னேன். கீரைக் குவியலைக் காட்டி, "இது முருங்கையா?" என்று கேட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அழகுக்காக மேலே எதையும் தூவாதீர்கள். தாளித்த கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, முந்திரி, தேங்காய்த் துருவல் எல்லாமே விழுங்கச் சிரமப்படுபவருக்குப் புரையேற வைக்கும். தாளிப்பு மணம் வேண்டுமென்றால் தாளித்த எண்ணெயை வடிகட்டிச் சேருங்கள். ரசம் சாதமும் ஆபத்து. நீர் முதலில் தொண்டைக்கு ஓடும், பருக்கை வாயில் தங்கும். எந்த நிலைப் பதம் என்பதை விழுங்குதல் பயிற்சி தரும் தெரபிஸ்ட் சோதித்துச் சொல்ல வேண்டும். நிறமும் வடிவமும் நம் கையில், பதம் அவர் கையில்.

சர்க்கரை நோயாளிகள் வீட்டில் பிரச்சினை தலைகீழ். நடுவில் சோற்று மலை, ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பொரியல். கண்ணும் கையும் நடுவுக்குத்தான் முதலில் போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) தேசிய உணவூட்ட நிறுவனம் காட்டும் மாதிரித் தட்டில் காய், கீரை, கிழங்கு, பழம் சேர்ந்து ஏறக்குறைய பாதி இடம் பிடிக்கின்றன. காயை முதலில் நடுவில் பரிமாறிவிட்டுச் சோற்றை ஓரத்தில் வையுங்கள். சின்னத் தட்டு வாங்கினாலே குறைவாகச் சாப்பிடுவோம் என்று சொல்வார்கள். ஆய்வு முடிவுகள் அதில் ஒத்துப்போகவில்லை, அதை நம்பி இருக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் சாப்பாடு குறைந்தால் தட்டைக் குறை சொல்வதில் பயனில்லை. பல்செட் தளர்ந்திருக்கலாம், வாய்ப்புண், மலச்சிக்கல், மனச்சோர்வு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை ஒரே எடை மெஷினில் எடை பாருங்கள். முயற்சி செய்யாமலே ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 கிலோவுக்கு வந்தால், அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.