பூட்டிக்கொண்ட டைவ் கம்ப்யூட்டரோடு மலையேறாதீர்கள்

பிப்ரவரியில் ஒரு காலை, கொடைக்கானலில் என் கிளினிக்குக்கு ஓர் இளைஞர் வந்தார். இடது தோள்பட்டையில் வலி. "நேத்து எட்டு மணி நேரம் கார் ஓட்டினேன் டாக்டர், அதான்" என்றார். அமுக்கிப் பார்த்தேன், வலி கூடவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன், அப்போதும் அதே அளவுதான். உள்ளுக்குள் பல்வலி மாதிரி விடாமல் இருக்கிறதாம். பெருமாள்மலை தாண்டும்போது தொடங்கியிருக்கிறது.

மணிக்கட்டில் பெரிய கடிகாரம் போல ஒன்று கட்டியிருந்தார். டைவ் கம்ப்யூட்டர். முந்தின நாள் காலை புதுச்சேரிக் கடலில் இரண்டு முறை ஸ்கூபா டைவ் செய்திருக்கிறார். இரண்டாவது முறை 32 மீட்டர் ஆழம். மேலே வரும்போது 3 மீட்டரில் 6 நிமிடம் நிற்கச் சொல்லியிருக்கிறது கம்ப்யூட்டர். சிலிண்டரில் காற்று தீரப்போகிறதே என்று நிற்காமல் ஏறிவிட்டார்.

"அப்புறம் லாக் ஆயிடுச்சு டாக்டர். ரிப்பேர்னு நினைக்கிறேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினா சரியாயிடுமா?"

அது ரிப்பேர் இல்லை. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல நான்கு மடங்கு. சுவாசிக்கும் நைட்ரஜன் அதற்கேற்ப ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியே வெளியேறும். அவசரமாக ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழ் விடும். எங்கே, எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் இந்தக் கருவியின் வேலை. சொன்ன இடத்தில் நிற்காமல் ஏறிவிட்டால், 'இனி உங்கள் உடம்புக்கு என் கணக்கு பொருந்தாது' என்று பல மாடல்கள் 24 அல்லது 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும். ஆழமும் நேரமும் மட்டும் காட்டும். சில மாடல்கள் பூட்டுவதே இல்லை, எச்சரிப்பதோடு சரி. பேட்டரியைக் கழற்றினால் சில கருவிகளில் கணக்கு அழிந்துபோகும். உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் அழியாது. நண்பரின் கம்ப்யூட்டரை இரவல் வாங்கி மறுபடி இறங்குவது இன்னும் மோசம். உங்கள் முந்தைய டைவ் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

திரையில் விமானச் சின்னத்தின் மேல் கோடு போட்டிருந்ததையும் அவர் பார்த்திருக்கிறார். "நல்லவேளை, ஃப்ளைட்ல வரலை, கார்லதான் வந்தோம்" என்றார். எனக்கு மனசு பதறிவிட்டது. பயணிகள் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும். கொடைக்கானலே ஏறக்குறைய 7,000 அடி. ஊட்டி அதைவிட உயரம். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வருவதற்குள் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தோள்மூட்டில் இருக்கும் குமிழும் அப்படித்தான் பெருக்கிறது.

டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரைப்படி, டீகோ (மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று நைட்ரஜனை வெளியேற்றுவது) தேவைப்படாத ஒரே ஒரு டைவுக்குப் பிறகு விமானம் ஏற 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பல டைவ் செய்திருந்தால் 18. டீகோ டைவ் என்றால் 18-ஐவிடக் கணிசமாக அதிகம். மலைப்பாதைக்கும் இதையே பின்பற்றுங்கள். கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டிருந்தால், உடம்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் 48 மணி நேரம் கீழேயே இருங்கள் என்பேன்.

மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம், தலைசுற்றல், சிறுநீர் பிரியாமை, காரணமில்லாத அசதி, இவற்றில் எது வந்தாலும் வலி மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள். 108-ஐ அழைத்து, 'டைவ் செய்துவிட்டு வந்தேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியைப் படுக்கவைத்து, பை வைத்த மாஸ்க்கில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தேன். கால் விரல்களில் உணர்ச்சி சரியாக இருந்தது, நடையிலும் தள்ளாட்டம் இல்லை. கொச்சியில் அழுத்த அறை (காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழைச் சுருக்கும் சிகிச்சை அறை) ஏற்பாடானதும் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் வழியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: போடிமெட்டு வேண்டாம், குமுளியும் வேண்டாம், இரண்டுமே மறுபடி மலையேற்றம். பழனி, பொள்ளாச்சி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போங்கள், ஆக்ஸிஜனை நடுவில் நிறுத்தாதீர்கள்.

18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி ஏறக்குறைய ஐந்து மணி நேரச் சிகிச்சை. வலி அன்றிரவே விட்டது.

கம்ப்யூட்டரையும் கடிதத்தோடு ஒரு கவரில் போட்டுக் கூடவே அனுப்பியிருந்தேன். பூட்டிக்கொண்டாலும் எந்த நிமிடம் எந்த ஆழத்தில் இருந்தார் என்ற பதிவு அதற்குள் இருக்கும். அங்கிருந்த மருத்துவர் அவரிடம் முதலில் கேட்டதும் அதைத்தானாம்.