முழுநேர வேலையோடு சிறுதொழில்: தென்னாப்பிரிக்காவில் அனுமதியும் வரியும்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மெரிபேங்கிலும், பகலில் அலுவலகத்திலோ பள்ளியிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்துவிட்டு, மாலையில் முறுக்கும் அச்சாரும் செய்து விற்பவர்கள், இரவிக்கை தைத்துக் கொடுப்பவர்கள், பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். இப்படிச் செய்வதை நாட்டின் எந்தப் பொதுச் சட்டமும் தடுப்பதில்லை. ஆனால் தொடங்குமுன் வேலை கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். சம்பாதித்தபின் இரண்டு வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டி வரி கட்ட வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைத் தெரியாமல் விட்டதால் நல்ல உழைப்பாளிகள் வேலையையோ சேமிப்பையோ இழப்பது வருத்தத்துக்குரியது.

முதலில் அனுமதி. அரசுத் துறை ஊழியர்களுக்கு 1994ஆம் ஆண்டின் பொதுப்பணிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, துறைக்கு வெளியே ஊதியம் தரும் எந்த வேலையையும் எழுத்துமூலமான அனுமதி பெற்றே செய்யலாம் என்கிறது. விண்ணப்பித்த 30 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்றும் அதே பிரிவு கூறுவதால், விண்ணப்பம் பெறப்பட்ட நாளைக் காட்டும் முத்திரையிட்ட நகலைக் கையில் வைத்திருப்பது மிக முக்கியம். அனுமதி கிடைத்தாலும் அரசு ஊழியர் எந்த அரசு அமைப்போடும் வியாபாரம் செய்யக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் பொதுப்பணி விதிகள் தடை செய்கின்றன. ஆகவே அரசு மருத்துவமனைத் தாதி ஒருவர் அரசு அலுவலகக் கூட்டத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு சாப்பாடு செய்து அனுப்பினால் அது விதிமீறலாகும். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 1998ஆம் ஆண்டின் ஆசிரியர் பணியமர்த்தல் சட்டத்தின் 33ஆம் பிரிவும் இதேபோன்ற அனுமதியைக் கேட்கிறது. மாலைநேர டியூஷனுக்கும் அது பொருந்தும்.

தனியார் வேலையில் இருப்பவர் தம் வேலை ஒப்பந்தத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒப்பந்தம் ஒன்றும் சொல்லாவிட்டாலும், முதலாளியிடம் ஒளிவுமறைவின்றி நடந்துகொள்ளும் கடமை ஊழியருக்கு உண்டு என்பதே நீதிமன்றங்களின் நிலை. இறைச்சி விற்கும் நிறுவனமொன்றின் ஊழியர், தனியே உலர்ந்த இறைச்சி விற்றதைச் சொல்லாமல் இருந்ததற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டது சரியே என்று தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. என்ன தொழில், எந்த நேரத்தில், யாருக்கு விற்கிறேன் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் ஜோஹன்னஸ்பர்க் வந்திருப்பவர்களின் நிலை வேறு. 2002ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் வேலை விசா 19ஆம் பிரிவிலும், தொழில் நடத்துவதற்கான விசா 15ஆம் பிரிவிலும் தனித்தனியே வருகின்றன. ஆகவே நிறுவனம் அனுமதித்தாலும் விசா அனுமதித்ததாகாது.

இனி வரி. சார்ஸ் எனப்படும் வருவாய்த் துறைக்கு வரியாண்டு மார்ச் 1இல் தொடங்கிப் பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது. முதலாளி மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் வரியே சம்பளச் சீட்டில் காணும் பி.ஏ.ஒய்.இ.; அந்தப் பிடித்தம் சம்பளத்துக்கு மட்டுமே. தொழில் லாபத்துக்கான வரியை நாமே முன்கூட்டி மதிப்பிட்டு, ஐ.ஆர்.பி. 6 என்ற படிவத்தில் ஆகஸ்ட் 31க்குள் ஒருமுறையும் பிப்ரவரி இறுதிக்குள் மறுமுறையும் கட்ட வேண்டும். இதற்குத் தனிப் பதிவு அலுவலகம் தேடி அலைய வேண்டாம். சார்ஸின் இணையச் சேவையான ஈ-ஃபைலிங் கணக்கிலேயே அந்தப் படிவத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 30,000 ரேண்ட் வரை இது தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகை வட்டி, பங்காதாயம், வாடகை போன்ற வருமானம் உள்ளவர்களுக்கானது. வியாபாரம் செய்பவருக்குக் கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 3,00,000 ரேண்ட், பலகாரத் தொழிலில் செலவு போக லாபம் 40,000 ரேண்ட். 40,000 என்பது சிறிய தொகை, வரி வராது என்று நினைத்துவிடக் கூடாது. அது சம்பளத்தின் மேல் ஏறி உட்காருகிறது. 2025, 2026 வரியாண்டுகளின் அட்டவணையில் 2,37,101 முதல் 3,70,500 வரையுள்ள பகுதிக்கு 26 விழுக்காடு என்பதால், கூடுதல் வரி 10,400 ரேண்ட். படிவத்தில் லாபத்தை மட்டும் எழுதுவது பலரும் செய்யும் பிழை. 3,40,000 முழுவதையும் எழுதி, அதற்கான வரியிலிருந்து பிடித்தத்தைக் கழிக்க வேண்டும். ஆகஸ்டில் பாதி ஆண்டுக்கான பங்கு, அதாவது ஏறத்தாழ 5,200 ரேண்ட் கட்டினால் போதும்.

நம் பலகாரத் தொழிலுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது; முதல் மதிப்பீடோ ஆகஸ்டில் முடிந்துவிடுகிறது. அதுவரை விற்றதை மட்டும் எண்ணிப் போடாமல், போன தீபாவளிக் கணக்கைப் பார்த்து முழு ஆண்டுக்கும் மதிப்பிட வேண்டும். பிப்ரவரி மதிப்பீடு இன்னும் கவனம் கேட்பது: வரிக்குரிய வருமானம் 10 லட்சம் ரேண்டுக்குள் இருப்பவரின் மதிப்பீடு, உண்மை வருமானத்தின் 90 விழுக்காட்டுக்கும், சார்ஸ் கடைசியாக வரி கணக்கிட்டு முடித்த ஆண்டின் வருமானத்தை ஒட்டிய அடிப்படைத் தொகைக்கும் கீழே போனால், குறைவாகக் கட்டிய வரித்தொகையில் 20 விழுக்காடு வரை அபராதம் வரலாம். தாமதமாகக் கட்டினால் 10 விழுக்காடு. எனவே ஒவ்வோர் ஆர்டர் பணத்திலும் கால்பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வேறு வங்கிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.

மாவு, நெய், எரிவாயு, பொதி உறை ஆகியவற்றின் செலவை விற்பனை வருமானத்திலிருந்து கழிக்கலாம், ரசீது இருந்தால். வீட்டுச் செலவில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டுமானால், அந்த இடம் தொழிலுக்கென்றே வசதி செய்யப்பட்டு, வழக்கமாகவும் அதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். குடும்பத்துக்கும் சமைக்கும் அடுப்படி இதில் தேறாது. தையலுக்கென்றே ஒதுக்கிய அறை தேறலாம். உணவு விற்பவர்கள் 2018ஆம் ஆண்டின் ஆர் 638 விதிப்படி நகராட்சிச் சுகாதாரப் பிரிவின் ஏற்புச் சான்றிதழும் பெற வேண்டும். ரசீதுகளையும் விற்பனைக் கணக்கையும், வரி விவரம் தாக்கல் செய்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.