அப்ஸ்ட்ராக்ட் ஓவியம்: சுருக்கமா, அரூபமா, அருவமா?

பொருள்களை உள்ளது உள்ளபடி காட்டாத அப்ஸ்ட்ராக்ட் ஓவியத்தை 'சுருக்க ஓவியம்' என்று யாராவது எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதே இல்லை. ஆய்வுக் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் அப்ஸ்ட்ராக்ட் சுருக்கம்தான், சரி. அதே சொல்லைக் கொண்டுவந்து ஓவியத்தின் மேல் ஒட்டினால் எப்படி? அங்கே யாரும் எதையும் சுருக்கவில்லையே.

சொல்லின் வேர் லத்தீன். 'அப்ஸ்' என்றால் விலக்கி, 'டிராஹெரே' என்றால் இழுத்தல். டிராக்டர் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ஆக, அப்ஸ்ட்ராக்ட் என்பது ஒன்றிலிருந்து இழுத்தெடுத்தது. ஒரு மரத்தைப் பார்க்கிறீர்கள், இலையையும் பட்டையையும் விட்டுவிட்டு அதன் சாய்வை மட்டும், அல்லது அது நிற்கிற கனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள், அதுதான் வேர்ப்பொருள். எடுப்பதற்கு முதலில் ஒரு மரம் இருந்தாக வேண்டும். இந்தக் காரணத்தால்தான் எல்லா ஓவியர்களுக்கும் இந்தப் பெயர் ஒத்துவரவில்லை. இந்திய ஓவியர் வி. எஸ். கைடொண்டே தன் ஓவியங்களை அப்ஸ்ட்ராக்ட் என்று சொல்வதை ஏற்கவில்லை, அவை பொருள்சாரா ஓவியங்கள், அதாவது கண்ணால் காணும் எந்தப் பொருளிலிருந்தும் எடுக்கப்படாதவை என்றார்.

தமிழில் நாம் எழுதும் 'அரூபம்' வடமொழி, ரூபம் இல்லாதது என்று பொருள். 'அருவம்' தமிழில் நெடுங்காலமாகப் புழங்கும் வடிவம். சைவ நூல்கள் உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரிக்கும். லிங்கம் அருவுருவம், அதாவது வடிவம் உண்டு, ஆனால் கை, கால், முகம் என்று அடையாளம் கிடையாது. இந்த மூன்று படிகளையும் அப்படியே ஓவியத்துக்குக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம், ஏனென்றால் 'இழுத்தெடுத்தது', 'பொருளே சாராதது' என்ற இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டுத் திண்டாட வேண்டியதில்லை.

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1866இல் மாஸ்கோவில் பிறந்தவர், படித்தது சட்டமும் பொருளியலும். மாஸ்கோவில் ஒரு கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல்போர் ஓவியத்தைப் பார்க்கிறார், அது வைக்கோல்போர் என்பது கண்ணுக்குப் புரியவில்லை, விவரப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். ஆனால் படம் மனதை விட்டு அகலவில்லை. 1896இல், 30 வயதில், ஓவியம் கற்க மியூனிக் போய்விடுகிறார். அப்புறம் அங்கே ஒரு மாலை மங்கலில் தன் அறைக்குள் நுழைகிறார், சுவரோரம் பேரழகாக ஒரு படம், அதில் எந்தப் பொருளும் தெரியவில்லை, நிறமும் வடிவமும் மட்டும். கிட்டே போனால் அவருடைய படமேதான், பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்திருக்கிறது! மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே மாதிரி சாய்த்துப் பார்க்கிறார், முந்தைய மாலையின் அழகு முழுசாக வரவில்லை, பொருள்கள் கண்ணுக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. பொருள்கள்தான் தன் படங்களைக் கெடுக்கின்றன என்று அவருக்குப் படுகிறது. அதன் பிறகு அவர் தீட்டியவற்றில் குதிரையும் மலையும் கோடுகளாகக் கரைந்து பாதி தெரியும் பாதி தெரியாது, அவற்றை நான் அருவுருவ ஓவியம் என்பேன். முழுக்கக் கரைந்தவை அருவ ஓவியம்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு சொல் இன்டியூஷன், தமிழில் உள்ளுணர்வு. நல்ல சொல்தான், ஆனால் இது வந்ததும் பலர் 'அப்படியே கையில் வந்தது, யோசிக்கவே இல்லை' என்று நினைத்துக்கொள்கிறார்கள். லத்தீனில் இதன் வேர் 'இன்டுவேரி', உற்றுப் பார்த்தல். உணர்வைவிடப் பார்வைதான் அதில் முன்னால் நிற்கிறது. பழைய தமிழில் காட்சி என்றால் கண்ணால் காண்பது மட்டுமல்ல, அறிவும்தான். அதனால் ஓவியரின் இன்டியூஷனை 'உட்காட்சி' என்றால் இன்னும் பொருந்தும் என்று தோன்றுகிறது. யோசிக்காமல் வருவதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, காண்டின்ஸ்கியின் 'ஏழாம் கம்போசிஷன்' என்ற ஓவியம். அது 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். 1913 நவம்பர் கடைசியில் நான்கே நாளில் தீட்டி முடித்தார், அவருடைய துணைவியும் ஓவியருமான காபிரியேல் மியூன்டர் அதை இடையிடையே புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார். அந்த நான்கு நாளுக்கு முன்னால் அதே படத்துக்காக அவர் வரைந்து பார்த்த முன்வரைவுகள் 30க்கும் மேல்.